ஐந்து கிழமையில் அறுந்த பிரம்பு: கொக்குவில் வீடொன்றின் பழைய கதிரை

"என்ன தம்பி, அஞ்சு கிழமையும் தாங்கேல்லையே!"

மாமி தொலைபேசியில் இப்படிச் சொன்னது ஒரு ஞாயிறு காலையில். நான்கு நாள் குந்தியிருந்து பின்னிக் கொடுத்த கதிரை. முதுகுவலி மாறியே பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்று பின்னேரமே யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போனேன்.

இருக்கையில் பதினொரு இழைகள் அறுந்து கிடந்தன. வீட்டில் அதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. குற்றவாளி, நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகன், அதாவது மாமியின் மகளைக் கட்டியவர். நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். முதல்நாள் இரவு அந்தக் கதிரையில் இருந்துதான் தேத்தண்ணி குடித்தாராம். நான் போனபோது விறாந்தை மூலையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் நுனியில் இருந்தார். "நான் சும்மா இருந்தனான், அவ்வளவுதான்" என்றார் என்னைப் பார்த்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம்.

கதிரையை வீட்டுக்கு ஏற்றி வந்து, அறுந்த ஒவ்வொரு நுனியையும் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகுதான் கதை வேறு என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

கதிரையின் கதை

மாமியின் தகப்பனார் பிரக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக, இருந்தவர். அரசாங்க அலுவலகமான கச்சேரிப் பக்கம் போய்வந்த பிறகு பத்திரிகை வாசிக்க இந்தக் கைக்கதிரையில்தான் இருப்பாராம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். சொற்களை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். பிரம்பு பின்னிய இருக்கை ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்களில் நன்றாகப் பரவியது. வெக்கை ஊரில் முதுகுக்கும் கீழுக்கும் காற்றுப் போகிற இருக்கை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மரம் முதிரை. தூக்கிப் பார்த்தாலே தெரியும், அவ்வளவு பாரம். இருக்கைச் சட்டம் முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் ஒடுங்கியும் இருக்கிறது. துளை வரிசையை அளந்தால் முன்னே 18 அங்குலம், பின்னே 15, பக்கங்கள் 16. துளைக்குத் துளை அரை அங்குலம். நாலு மூலையையும் சேர்த்து 130 துளைகள்.

1995 ஒக்ரோபர் கடைசியில், சண்டை நெருங்கி, கொக்குவில் இருக்கிற வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது இந்தக் கதிரை விறாந்தையிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்கக் கூரை ஓடு பல இடத்தில் இல்லை. ஒரு மாரி முழுக்க நனைந்த பிரம்பு கறுத்து இற்றுப்போய் இருந்ததாம். அப்போது பிரம்புக்கு எங்கே போவது? ஒரு பலகைத் துண்டை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். 14 ஆணித் துளை இன்னும் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். பிறகு, தெற்குக்குப் போகிற பாதை திறந்த ஒரு காலத்தில், யாரோ ஒருவர் பலகையைக் கழற்றிவிட்டுப் பச்சை நிறப் பிளாஸ்ரிக் வயரால் பின்னிக் கொடுத்திருக்கிறார். வயர் தடிப்பு என்பதால் முன்சட்டத்தின் இடப்பக்கத்தில் ஒன்பது துளைகளைப் பெரிய துளைகருவியால் அகட்டியும் இருக்கிறார். வயர் பிடிக்காத மாமி கதிரையை அறைக்குள் தள்ளி வைத்துவிட்டார்.

என் கைக்கு வந்தபோது இந்த ஒன்பது துளைகளையும் பார்த்தேன்தான். பார்த்துவிட்டு, "இழை இன்னும் சுகமாகப் போகும்" என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிரம்பு

கொக்குவிலில் பிரம்படி என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஒரு காலத்தில் இங்கே பிரம்பு நின்றிருக்குமோ என்று நினைப்பேன். இப்போது யாழ்ப்பாணத்தில் பின்னல் பிரம்பு வேண்டுமென்றால் தெற்கே ஆள் சொல்ல வேண்டும். கொழும்பு–கண்டி வீதியில் நிட்டம்புவைக்கும் வரக்காப்பொலைக்கும் நடுவே ரதாவடுன்ன என்ற ஊரில் வீதியோரம் முழுக்கப் பிரம்புக் கடைகள்தான். கொழும்புக்குக் காரில் போய்வந்த நண்பர் ஒருவர் வழியில் இறங்கி எனக்கு ஆயிரம் அடிக் கட்டு ஒன்று வாங்கி வந்தார். அகலம் இரண்டேகால் மில்லிமீற்றர். அரை அங்குல இடைவெளிக்கு அந்த அகலம் சரி. இந்த அளவு இருக்கை ஒன்றுக்கு நூறு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே செலவாகும் என்பதால் ஒரு கட்டில் கிட்டத்தட்ட மூன்று கதிரை பின்னலாம்.

பிரம்பு பனைக்குப் பங்காளி. பனை, தென்னை, கமுகு, பிரம்பு எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் இது நிமிர்ந்து நிற்காமல் முள்ளால் கொழுவிக் கொண்டு மற்ற மரங்களில் ஏறும். கதிரை பின்னுவது அதன் தோலால். உள்தண்டைக் கூடைக்கு எடுப்பார்கள். தோலின் மேற்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும், தண்ணீர் ஏறாது. உட்பக்கம் சொரசொரப்பு, தண்ணீரைக் குடிக்கும். பின்னலைப் பராமரிக்கிற விசயம் முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. "ஏன் தம்பி, பனம் நாரால பின்னினால் என்ன?" என்று மாமி கேட்டார். பின்னலாம். ஆனால் அந்த வழுவழுப்பு இல்லாததால் சேலையையும் வேட்டியையும் பிடித்து இழுக்கும்.

முதல் தடவை

ஆடி மாதம் பின்னினேன். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசிக் கொண்டிருந்த நாட்கள். வெளியே உலர்த்திய துணி அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்கிற காலம். பிரம்பை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, விறாந்தையில் காற்றோட்டமாக இருந்து பின்னினேன். ஊறிய இழை கையிலேயே காய்ந்தது. மறுபடி நனைக்கப் பஞ்சிப்பட்டு, அதாவது சோம்பல்பட்டு, இழுத்து முடித்த இழைகளும் இருந்தன.

ஆறு அடுக்குப் பின்னல் இது. முதலில் பின்னிருந்து முன்னுக்கு நெடுக்கிழை. அதன்மேல் பக்கத்திலிருந்து பக்கத்துக்குக் குறுக்கிழை. மூன்றாவது மறுபடி நெடுக்கு. முதல் நெடுக்கோடு சோடியாக, அதே துளைகளில், சற்று வலப்பக்கம் தள்ளி. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், அவ்வளவுதான். நாலாவது குறுக்கிழையில்தான் பின்னல் தொடங்குகிறது. முதல் நெடுக்குக்குக் கீழே, மூன்றாவதுக்கு மேலே என்று அது போகும். அதோடு சதுரக் கட்டங்கள் இறுகி நிற்கும். ஐந்தும் ஆறும் சாய்விழைகள். எதிரெதிர் மூலைகளை நோக்கிப் போய்ச் சதுரத்தின் நாலு மூலையையும் வெட்டி எட்டு மூலைக் கண்ணாக்கி விடும். கடைசியில் துளை வரிசையை மூடிச் சற்று அகலமான பிரம்பால் ஓரம் கட்டுவது.

முதல் நாலும் சிக்கலில்லாமல் போனது. ஐந்தாவதில் இழை நகர மறுத்தது. ஒவ்வொரு சந்திலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, கரகரவென்று சத்தம் வேறு. "ஆகா, என்ன இறுக்கம்!" என்று நான் பெருமைப்பட்டேன். விரலில் தோல் உரிந்ததைக்கூட வேலை சுத்தமாகப் போவதற்கு அடையாளம் என்றே எடுத்துக் கொண்டேன்.

முடிந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அறுந்த நுனிகள்

பதினொரு அறுப்பையும் ஒரு தாளில் கதிரையின் வரைபடம் போட்டுக் குறித்தேன். குறித்து முடிந்ததுமே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஏழு அறுப்பு முன்சட்டத்தின் இடப்பக்கத்தில், துளை வாயிலேயே இருந்தது. மூன்று நடுப்பகுதியில். ஒன்று சட்டத்துக்கு அடியில், இழை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் திரும்புகிற மடிப்பில்.

ஒரு பாரமான ஆள் இருந்து அறுந்திருந்தால் நடுவில்தானே கிழிந்து குழி விழ வேண்டும்? நூற்றுக்கு மேற்பட்ட இழைகளில் பாரம் பரவுகிறபடியால் ஒழுங்காகப் பின்னிய இருக்கை நூறு கிலோ ஆளைத் தாங்கும். அதைக் கிழிப்பது, மின்குமிழ் மாற்ற ஏறி நிற்கிற குதியும் அலுமாரியின் மேல்தட்டை எட்ட ஊன்றுகிற முழங்காலும்தான். மருமகன் ஏறி நிற்கவில்லை என்று மாமியின் பேத்தி சாட்சி சொன்னாள்.

நுனிகளும் மூன்று விதம். முன்சட்டத்து ஏழும் கத்தியால் சீவியதுபோல் அடிப்புறமிருந்து வெட்டுப்பட்டிருந்தன. நடுவிலிருந்த மூன்றும் வேறு மாதிரி. அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இழை மெலிந்து, பளபளப்புப் போய், பஞ்சு பறந்திருந்தது. அது உரசித் தேய்ந்த அறுப்பு. அடியிலிருந்த ஒன்று குச்சி முறிந்ததுபோல் மொட்டையாக ஒடிந்திருந்தது. காய்ந்த இழையை மடித்தால் அப்படித்தான் ஒடியும். அந்த ஒன்றுக்குச் சோளகமும் என் பஞ்சியும் பொறுப்பு. மற்றப் பத்தும்?

துளை வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். அகட்டிய ஒன்பது துளைகளிலும் மேல் விளிம்பு கூராக நின்றது. பழைய துளைகளின் விளிம்பு உருண்டு மழமழவென்றிருந்தது, அன்று துளைத்தவர் கவனமாக மழுக்கியிருக்கிறார். ஆனால் கூரான விளிம்பு மட்டும் ஐந்து கிழமையில் ஏழு இழையை வெட்டுமா? இழை அசைந்தால்தானே வெட்டும்?

நடுவிலிருந்த தேய்மானம் எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கதிரையை ஓட்டோவில் ஏற்றிப் போனேன். இளம் வயதில் தளபாடக் கடைகளுக்குப் பின்னிக் கொடுத்தவர். இப்போது கண்ணில் படலம். நான் பிரம்பின் தரத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"நீர் ஏன் பிரம்பைப் பேசுறீர்? முதல்ல மரத்தைப் பாரும்" என்றார்.

பார்க்கவில்லை, தொட்டார். ஒரு கையை இருக்கையின் மேலும் மற்றதைக் கீழும் வைத்துத் தடவிக் கொண்டே போனார். பார்வையற்றவர்களுக்கு இந்தத் தொழிலைப் பழக்குவது பல நாடுகளில் வழக்கம். அதற்குக் காரணம் அன்று விளங்கியது. அரை நிமிடத்தில் நின்று, "சாய்வு மாறிப்போச்சு" என்றார்.

விசயம் இதுதான். ஒரு திசைச் சாய்விழை நெடுக்குச் சோடிக்கு மேலாகவும் குறுக்குச் சோடிக்குக் கீழாகவும் போக வேண்டும். எதிர்த்திசைச் சாய்விழை அதற்கு நேர்மாறு. எந்தத் திசைக்கு எது என்பது நாலாவது இழையை எப்படிப் பின்னினோம் என்பதைப் பொறுத்தது. சரியாக அமைந்தால் சோடிகள் குறுக்கிடும் மூலையில் ஒரு சின்னச் சந்து திறந்திருக்கும், சாய்விழை வழுக்கிப் போய் அதற்குள் அமர்ந்துவிடும். மாறிப்போனால் சந்து மூடியிருக்கும். இழை அதன் விளிம்பில் ஏறி நிற்கும், ஆள் இருக்கும்போதெல்லாம் உரசும். நான் இறுக்கம் என்று கொண்டாடிய கரகரப்பு அதுதான்.

"இழுக்கச் சத்தம் வந்தால் கழற்றிப்போட்டுத் திரும்பப் பின்ன வேணும். சத்தம் வராது, வரக்கூடாது" என்றார். பிறகு கதிரையின் முன் இடது மூலையில் உள்ளங்கையை ஊன்றி அமத்தினார். முன்சட்டத்துக்கும் காலுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி வாய் திறந்து மூடியது. ஒரு தபாலட்டை நுழையும். பழைய வச்சிரம், அதாவது மரம் ஒட்டும் பசை, பொடியாகிப் போய், பொருத்து ஆடிக் கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் இழைகளைக் கூரான வாயில் அறுத்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆள் இருந்து எழும்பும்போதும் ஒரு அரம் இழுப்பு.

இன்னொன்றையும் அவர் விரல்தான் கண்டுபிடித்தது. அகட்டிய துளைகளை இணைத்துக் கொண்டு மரவரி வழியே ஒரு மயிர்வெடிப்பு ஓடியது, ஏறக்குறைய மூன்று அங்குலம். தபால் முத்திரையை ஏன் துளை போட்டுப் பிரிக்கிறார்கள்? அதே சங்கதி. துளைகள் வரிசையாக ஒரே மரவரியில் நிற்கும்போது, ஒன்றைப் பெருப்பித்தால் பக்கத்துத் துளைக்கும் அதற்கும் இடையில் மிஞ்சும் மரம் குறைகிறது. வயர்காரர் பலமான ஆள்போலும், அவர் இழுத்த இழுவையும் சேர்ந்திருக்கும்.

ஆக, அறுந்தது பிரம்பு என்றாலும் பழுது மரத்திலும் என் கையிலும்தான். மருமகனிடம் போய்ச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. மாமி மட்டும் முழுசாக நம்பவில்லை.

இரண்டாவது தடவை

அவசரப்படவில்லை. மாரி தொடங்கும்வரை காத்திருந்தேன். ஈரக்காற்றில் இழை கையில் காயாது என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

பின்னல் முழுவதையும் வெட்டி எடுத்தேன். அதற்கே மனசைத் திடப்படுத்த வேண்டியிருந்தது. துளைகளில் அடைத்து நின்ற துண்டுகளை நுனி மழுக்கிய ஆணியால் கீழிருந்து மேலே தட்டினேன். மரவேலையை நானே செய்யாமல் ஊரிலுள்ள ஓடாவி (தச்சர்) ஒருவரிடம் விட்டேன். பொருத்தைக் கழற்றிப் பழைய வச்சிரத்தைச் சுரண்டி, புதுப் பசை போட்டு, சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அதற்குள் தடி விட்டு முறுக்கி ஓர் இரவு முழுக்க இறுக்கி வைத்தார். வெடிப்புக்குள் மெல்லிய தகட்டால் பசையைச் செலுத்தினார். ஒன்பது பெரிய துளைகளையும் முதிரைக் கட்டைகளால் அடைத்து, மறுநாள் பழைய அளவில், ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக, புதிதாகத் துளைத்தார். அடைத்துத் துளைப்பது வீண்வேலை, ஒரு பித்தளைக் குழாய் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பித்தளை வாயும் கூரானதுதான், வெடித்த மரத்துக்கு அதனால் பலமும் இல்லை.

துளை வாய்களை எலிவால் அரத்தால் மேலும் கீழும் மழுக்கினேன். 130 துளை, இரண்டு மாலை. சுண்டுவிரல் நுனியை வைத்துத் திருப்பும்போது எங்கேயும் கீறக்கூடாது என்பதுதான் கணக்கு.

பிரம்பு அதே கட்டில் மிஞ்சியதுதான். வேண்டுமென்றே புதிது வாங்கவில்லை. இரண்டு தடவையும் ஒரே பிரம்பு என்றால்தான் பழுது எங்கே என்று நிச்சயமாகத் தெரியும். இந்த முறை நாலைந்து இழைகளை மட்டும் ஊறப்போட்டு, எடுத்ததை ஈரச்சாக்குக்குள் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக உருவினேன். நிறைய நேரம் ஊறினால் நிறம் மங்கிவிடும், இருபது நிமிடம் போதும். இழையில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஒரு பக்கமாகப் போகும்போது கணுக்கள் தடுக்கும், மறுபக்கமாகப் போகும்போது தடுக்காது. தடுக்காத பக்கமாகவே இழுத்தேன். பூவரசங் கம்பில் சீவிய ஆப்புகளைத் துளைகளில் செருகி இழைகளைப் பிடித்து வைத்தேன். நடுத்துளையில் தொடங்கி இரு பக்கமும் போனேன். முன்பக்கம் அகலம் என்பதால் ஒவ்வொரு ஓரத்திலும் மூன்று நெடுக்கிழை பின்சட்டத்தை எட்டாது. அவற்றைப் பக்கச் சட்டத்துத் துளைகளில் முடிக்க வேண்டும், மற்ற இழைகளுக்குச் சமாந்தரமாக நிற்கிற துளை எதுவோ அதில்.

முதல் மூன்று அடுக்கையும் கொஞ்சம் தளர்வாகவே விட்டேன். பிறகு வருகிற இழைகள் மேலும் கீழும் புகுந்து அந்தத் தளர்வை எடுத்துக் கொள்ளும், காயும்போது இன்னும் இறுகும். முதல் தடவை இதையும் தொடக்கத்திலேயே தந்திபோல் இழுத்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது அடுக்கின் முதல் இழையை நாலு சந்துக்குள் விட்டு இழுத்தேன். சத்தமில்லை. வெண்ணெயில் கத்தி போனதுபோல் போனது. அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். மூலைத் துளைகளில் சாய்விழை இரண்டிரண்டாக இறங்குவதில் ஒருமுறை கணக்குப் பிழைத்து ஆறு இழைகளைக் கழற்றினேன். ஓரப்பிரம்பு கட்டி, அடிப்பக்கத்து முடிச்சுகளை நனைத்து இறுக்கி, பறந்து நின்ற நார்களைத் தீக்குச்சிச் சுவாலையில் பொசுக்கிவிட்டேன். மொத்தம் ஒன்பது மாலை. வார்னிஷ் பூசவில்லை. பூசினால் உட்பக்கம் ஈரத்தை எடுக்க முடியாமல் போய்விடும் என்பது என் கட்சி. நிறமும் தானாகவே பொன்னாகும், வருடங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு

மாமியிடம் மூன்று விசயம் சொல்லிக் கொடுத்தேன். ஏறி நிற்க விடவேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம். சோளகம் வீசுகிற மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை கதிரையைக் கவிழ்த்து, ஈரத்துணியால் அடிப்பக்கத்தை மட்டும் துடைத்து, காயும்வரை யாரும் இருக்காமல் பார்க்க வேண்டும். மேற்பக்கம் துடைப்பது தூசு போகத்தான் உதவும். மாமி அதை வெள்ளிக்கிழமை வேலையாக்கிவிட்டார். குத்துவிளக்கு மினுக்குகிற அதே நேரம்.

அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் போய்ப் பார்த்தேன். சோளகமும் வீசத் தொடங்கி, பின்னி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு இழைகூட அறவில்லை. முன் இடது மூலையை அமத்தினேன், பொருத்து அசையவில்லை. நேரான மட்டத்தடியை இருக்கைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்ததில் நடுவில் ஐந்து மில்லிமீற்றர் தாழ்வு. அன்றே அடிப்பக்கத்தை நன்றாக நனைத்துக் காயவிட்டோம், மறுநாள் அதில் பாதி எழும்பியிருந்தது.

மருமகன் அந்த வருடமும் வந்திருந்தார். "இருங்கோ, இப்ப ஒண்டும் ஆகாது" என்று கதிரையை இழுத்து அவர் முன்னே போட்டேன். கதிரையைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார்.

"பரவாயில்லை, நான் நிண்டு கொண்டே குடிக்கிறன்" என்றார்.